தண்ணீரில் மூழ்கிய பிள்ளையின் வயிற்றை அமுக்கலாமா?

பால்மரக்காட்டான்: மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வாட்சாப் குழுக்களில் காலையிலிருந்து ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி, வயிற்றை அமுக்கி, தண்ணீர் முழுதும் வந்த பிறகுதான் மூச்சுக் கொடுக்க வேண்டுமாம். பேசியது யாரோ, குரல் மட்டும் பெரிய டாக்டர் மாதிரி. பள்ளி லீவு, பிள்ளைகள் ஆற்றிலும் ஈயம் தோண்டிய பழைய குட்டையிலும்தான் கிடக்கிறார்கள். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

டிரசர் மகன்: அதில் என்ன தப்பு? என் அப்பா வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே எஸ்டேட் டிரசர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். குட்டையில் விழுந்தவனை அவர் அமுக்கினார், தண்ணீர் கொட்டியது, அவன் எழுந்து உட்கார்ந்தான். தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். இப்போது யூடியூப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு டாக்டர்.

ரோஜா டீச்சர்: அண்ணே, கொட்டியது வயிற்றுத் தண்ணீர். நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் கொஞ்சம்தான், அதைப் பிழிந்து எடுக்கவும் முடியாது. ஆள் சாவது பிராணவாயு இல்லாமல். வயிற்றை அமுக்கினால் தின்றதெல்லாம் மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும். மூளை தாங்குவது நாலைந்து நிமிடம். அந்த நேரத்தை அமுக்கியே தீர்த்துவிடுவீர்கள்.

டிரசர் மகன்: தண்ணீர் வந்ததா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் தங்கச்சி.

பால்மரக்காட்டான்: வந்தது. அதனால்?

டிரசர் மகன்: வந்தது என்று நீயே சொல்லிவிட்டாய். பேச்சு முடிந்தது.

ஈப்போ மாமா: வாயில் வாய் வைப்பதே பழைய முறை. நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று அமெரிக்க இதயச் சங்கமே 2008-இல் சொல்லிவிட்டது.

ரோஜா டீச்சர்: அது திடீரென்று மயங்கி விழுந்த பெரியவர்களுக்கு மாமா. அவர்கள் ரத்தத்தில் இன்னும் பிராணவாயு இருக்கும். மூழ்கியவருக்கு அது தீர்ந்த பிறகுதான் இதயமே நிற்கிறது, அதனால் மூச்சுதான் முதலில். ஐரோப்பிய வழிமுறையில் தொடக்கத்தில் 5 மூச்சு, அமெரிக்காவில் 2. அப்புறம் நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு, அதே வரிசை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர் என்றால் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். பக்கத்தில் நிற்பவர் அவசர எண் 999-ஐ அழைக்கட்டும். வாந்தி வந்தால் தலையை ஒருபக்கம் திருப்பித் துடையுங்கள். எழுந்து உட்கார்ந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

ஈப்போ மாமா: 5ஆ 2ஆ? அவர்களே அடித்துக்கொள்கிறார்கள், நம்மிடம் வந்து பாடம் நடத்துகிறாய்.

டிரசர் மகன்: சரியாகக் கேட்டீர்கள். நானும் கூகுளில் பார்த்தேன். ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க டாக்டரே மூழ்கியவனின் வயிற்றை அமுக்கச் சொல்லியிருக்கிறார். அவரும் என் அப்பா மாதிரி முட்டாளா?

பால்மரக்காட்டான்: யூடியூப் கூடாது, கூகுள் மட்டும் ஆகுமா அண்ணே? ஹெய்ம்லிக் 1974-இல் கொண்டுவந்தது தொண்டையில் உணவு அடைத்தவனுக்கு. அதை மூழ்கியவனுக்கும் செய் என்று அவர் பிடிவாதம் பிடித்தார், அமெரிக்க முதலுதவி அமைப்புகளே ஏற்கவில்லை. பாதி மட்டும் படித்தால் எப்படி?

ரோஜா டீச்சர்: இன்னொன்று. அந்தக் காலத்து டிரசர்கள் படித்தது ஹோல்கர் நீல்சன் முறை. டென்மார்க்காரர், 1932. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தி, முழங்கையைப் பிடித்துத் தூக்குவது. உள்ளே காற்றை இழுக்கத்தான் அது. உங்கள் அப்பா அமுக்கியது முதுகாகத்தான் இருக்கும், வயிறாக இருக்காது. 1950களில் எலாம், சஃபார் என்ற டாக்டர்கள் வாய்வழி மூச்சே மேல் என்று காட்டிய பிறகு அந்த முறையும் போய்விட்டது.

டிரசர் மகன்: என் அப்பா எதை அமுக்கினார் என்று நீ எனக்குச் சொல்கிறாயா? நீ பிறந்தாயா அப்போது? உன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்ததே அவர்தான். முதுகோ வயிறோ, தண்ணீர் வந்தது.

பால்மரக்காட்டான்: முதுகோ வயிறோவா? இவ்வளவு நேரம் வயிறு என்றுதானே சண்டை போட்டீர்கள்?

டிரசர் மகன்: நீ பேசாதே. திருவிழாவுக்கு முதலுதவிப் பெட்டி வாங்கக் கொடுத்த பணத்தில் பந்தல் கட்டியவன் நீ. திறந்து பார்த்தால் பிளாஸ்டர்கூட இல்லை.

பால்மரக்காட்டான்: கணக்கு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம்.

டிரசர் மகன்: பார்த்தீர்களா, பேச்சை மாற்றுகிறான். லயத்து ஆட்களைக் கேளுங்கள், தோட்டத்தில் எத்தனை உயிர் நின்றது யாரால் என்று. சான்றிதழ் சுவரில் தொங்கலாம், உயிரைக் காப்பாற்றுவது கை. அந்தக் கை எங்கள் குடும்பத்தில் இருந்தது. தண்ணீரும் வந்தது.

ரோஜா டீச்சர்: அந்தக் கையை நெஞ்சில் வையுங்கள் அண்ணே, வயிற்றில் வேண்டாம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

டிரசர் மகன்: அவ்வளவுதான் என்று நீ சொன்னால் ஆகிவிடுமா?

ஈப்போ மாமா: 5ஆ 2ஆ என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ரோஜா டீச்சர்: சொல்லிவிட்டேன் மாமா, மேலே போய்ப் படியுங்கள். இரண்டில் எது செய்தாலும் சும்மா நிற்பதைவிட மேல்.

டிரசர் மகன்: மேலே போகும்போது நான் எழுதியதையும் சேர்த்துப் படிக்கட்டும்.