செங்டுவில படிப்பிக்கிறன், நான் கதைக்கிற சீனம் ஒத்தருக்கும் விளங்குதில்ல

கல்லடி டீச்சர்:
நான் மட்டக்களப்பு, இப்ப சைனாவில செங்டுவில ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சயன்ஸ் படிப்பிக்கிறன், வந்து அஞ்சு மாசம். ஸ்கூல்ல முழுக்க இங்கிலீஷ்தான், அதால கேட்டுக்கு வெளிய வந்தா வாயே திறக்க ஏலாம இரிக்கு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கொப்பியில சீனச் சொல்லைத் தமிழ் எழுத்தில எழுதி எழுதிப் பாடமாக்குறன், சொல்லு ஞாபகம் இரிக்கு ஆனா சொன்னா விளங்குதில்ல. போன கிழமை மரக்கறிக் கடையில தக்காளி வாங்கப் போறன் எண்டு சொன்னன், பக்கத்தில நிண்ட நம்மட ஸ்கூல் பிள்ளை ஒண்டு சொல்லுது, டீச்சர் நீங்க விக்கப் போறன் எண்டு சொல்லிட்டீங்க எண்டு. விலை நாலு யுவானா பத்து யுவானா எண்டும் பிடிபடல்ல. அந்தக் கடை அம்மா எப்பவும் கொஞ்சம் வெங்காயத்தாள் சும்மா போட்டுத் தாறவ, அவவோட ரெண்டு வார்த்தை ஒழுங்கா கதைக்கணும் எண்டு சரியான ஆசை. என்ன செய்யலாம்?

கல்முனை, மெடிசின் அங்க படிச்சவன்:
தங்கச்சி, கொப்பியில தமிழ்ல எழுதுறத இண்டைக்கே விடுங்க. வாங்குறதும் 'மாய்', விக்கிறதும் 'மாய்' எண்டுதானே எழுதியிருப்பீங்க? சீனத்தில குரல் ஏறி இறங்குற தொனி மாறினா அர்த்தமே மாறிடும். வாங்குறது மூணாந்தொனி, விக்கிறது நாலாந்தொனி, நம்மட எழுத்தில அதக் காட்ட வழியில்ல. சீனப் பிள்ளையளே முதலாம் வகுப்பில பின்யின், அதாவது சீன உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்தில எழுதுற முறை, படிக்குதுகள், நீங்களும் தொனிக் குறியோட பின்யின்ல எழுதுங்க. முதலாம் தொனி சுருதிப் பெட்டி மாதிரி உயரத்தில ஒரே மட்டமா நிக்கும், ரெண்டாவது தூரத்தில இருந்து கூப்பிட்டா "ஆ?" எண்டு கேப்பமே அப்பிடி ஏறும், மூணாவது அடித்தொண்டையில பதிஞ்சு கிடக்கும், நாலாவது நாயை "போ!" எண்டு விரட்டுற மாதிரி சட்டெண்டு விழும். நாலு பத்து குழப்பம் உங்கட பிழையில்ல, நாலு 'ஸ'வில தொடங்கும், பத்து 'ஷ'வில தொடங்கும், ஆனா அந்தப் பக்கத்து ஆக்கள் 'ஷ'வை 'ஸ' எண்டு சொல்லுவாங்க, அதால ரெண்டும் தொனியால மட்டும்தான் பிரியும். கையால காட்டச் சொல்லுங்க, ரெண்டு சுட்டுவிரலையும் குறுக்க வெச்சா பத்து.

அக்கரைப்பற்று:
அண்ணன் சொன்னது சரி, ஆனா தொனி மட்டும் காணாது. வயிறும் முயலும் தமிழ்ல எழுதினா ரெண்டும் 'டூட்ஸ'தான், தொனியும் ஒண்டுதான், வித்தியாசம் மூச்சில. டிஷ்யூ பேப்பரை வாய்க்கு முன்னால பிடிங்க, முயலுக்கு பேப்பர் ஆடணும், வயிறுக்கு ஆடக்கூடாது, நம்மட 'ட'வில மூச்சு வெளிய வராது, வயிறுக்கும் அப்பிடித்தான் சொல்லணும். மனுசன் எண்ட சொல்லுக்கு 'ரென்' எண்டு எழுதுவாங்க, அந்த ர நம்மட ழ-வுக்குக் கிட்ட, ஆனா நாம கதைக்கேக்க ழ-வை ள ஆக்கிடுறம், தேவாரம் படிக்கிற ழ-வை எடுங்க.

ஏறாவூர்:
எழுத்தையும் விட்டிராதீங்க டீச்சர். அம்மா எண்ட எழுத்தில இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. பெண் பொருளைச் சொல்லும், குதிரைக்கும் 'மா' எண்டுதான் சத்தம், அதால அது உச்சரிப்பைச் சொல்லும். கன எழுத்து இப்பிடித்தான், ஒருக்கா பிடிபட்டா போர்டு வாசிக்கவே ஆசை வரும். போன்ல பிளெக்கோ அகராதியைப் போடுங்க, நெட் இல்லாமலும் வேலை செய்யும்.

கல்லடி டீச்சர்:
இப்பதான் கொப்பியை எடுத்துப் பாத்தன் அண்ணா, மூணாம் பக்கத்தில ஒரு 'மாய்', அஞ்சாம் பக்கத்திலயும் அதே 'மாய்'. இவ்வளவு நாளும் இதையா பாடமாக்கினன் எண்டு மனம் கஷ்டமாப் போச்சு. டிஷ்யூவும் பிடிச்சுப் பாத்தன், முயலுக்கு ஆடுது, வயிறுக்கும் லேசா ஆடுது, இன்னும் செய்யணும். சனிக்கிழமை கடைக்குப் போய் வாங்குறன் எண்டதைத்தான் முதல்ல சொல்லப் போறன்.