கச்சான் பக்கற் போட எத்தனை கந்தோர் ஏற வேண்டும்?

ஒட்டுசுட்டான் கச்சான்:
நானும் மனைவியும் வீட்டில் கச்சான் (நிலக்கடலை) வறுத்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். வவுனியாவில் ஒரு சுப்பர்மார்க்கெட் "பெயர், லேபிள், லைசன்ஸ் இருந்தால் எடுக்கிறோம்" என்றது. சரி, முறைப்படி செய்வோம் என்று இறங்கினேன். வியாபாரப் பெயர்ப் பதிவு லேசு. ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தி வாங்கிப் பிரதேச செயலகத்தில் கொடுத்தால் முடிந்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல். பிரதேச சபை லைசன்ஸுக்குப் பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அறிக்கை வேண்டும். பீ.எச்.ஐ வந்து பார்த்துவிட்டு, குசினிக்குள் வறுக்கக் கூடாது, தனிக் கட்டடம் வேண்டும், தரைக்குச் சீமெந்து, யன்னலுக்கு வலை என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டடத்துக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குக் காணிப் பத்திரம் வேண்டும். எங்களுடையது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு அப்பாவின் பெயரில் தந்த பெர்மிற் காணி. அப்பா இப்போது இல்லை. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தும் போடாமல் போய்விட்டார். மூலப் பத்திரம் 2009 இடப்பெயர்வில் தொலைந்தது. கச்சான் விற்கப் போனவன் காணிக் கிளையில் வரிசையில் நிற்கிறேன். ஏழைப்பட்ட ஊரில் சட்டப்படி ஒரு சின்னத் தொழில் தொடங்க இவ்வளவு தேவையா?

ஏ9 கடைக்காரன்:
தேவையில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும், சனம் தேங்காய் உடைக்கும், கடதாசியில் சுற்றிய கச்சான் சரையை வாங்கிக்கொண்டு ஏறும். லேபிள் எங்கே என்று யார் கேட்டது? பதிந்துவிட்டு ஓர் ஆளை வேலைக்கு வைத்துப் பாரும். அவருடைய சம்பளத்தில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் உம்முடைய பையிலிருந்து போகும். பெரிய கடைக்காரன் காசை இழுத்தடித்துத்தான் தருவான். பேசாமல் சரையிலேயே வில்லும் தம்பி.

பழைய கிளாக்கர்:
கடைக்காரத் தம்பி சொல்வது ஆபத்தான கதை. கச்சான் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. கென்யாவில் 2004 இல் பூஞ்சணம் பிடித்த சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் செத்தார்கள். அதுவும் ஏழை நாடுதான். சரையில் விற்பவரை முகத்துக்கு நேரே கேட்கலாம். பக்கற் மன்னாருக்கும் கொழும்புக்கும் போகும், அப்போது யாரைக் கேட்பது? கந்தோரைத் திட்டுவது நம்மவர்களுக்குப் பொழுதுபோக்கு. பாதி ஃபைலோடு வந்து நின்றுகொண்டு "அலைக்கழிக்கிறார்கள்" என்பார்கள். எத்தனை பேரைக் கண்டிருப்பேன்.

ஸ்காபுறோ மாமா:
கிளாக்கர் ஐயா, உங்கள் மாதிரி ஆட்களால்தான் நாடு இப்படி இருக்கிறது. பெருவில் டி சோட்டோ என்ற பொருளியலாளர் 1980களில் ஒரு சோதனை செய்தார். லீமாவில் ஒரு சின்னத் தையல் தொழிலகத்தைச் சட்டப்படி பதிய அவருடைய ஆட்களுக்கு 289 நாள் பிடித்தது. ருவாண்டா எங்களைவிட ஏழை. அங்கே கொம்பனிப் பதிவை ஒரே இடத்தில், இணையத்திலேயே முடிக்கலாம். தொழில் செய்வது எந்த நாட்டில் எவ்வளவு லேசு என்று உலக வங்கி போட்ட 2020 பட்டியலில் இலங்கை 190 நாடுகளில் 99 ஆவது. நானும் ஊரில் ஏதாவது போடுவோம் என்று யோசித்து, பாரங்களைக் கண்டதும் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரு யன்னலுக்குக் கொண்டுவாருங்கள், பிரச்சினை தீரும்.

வவுனியா வளாகம்:
மாமா, அந்தப் பட்டியலை இங்கே இழுக்க வேண்டாம். இலங்கைக்கு அவர்கள் அளந்தது கொழும்பை மட்டும். அதிலும், வியாபார இடத்தை வாடகைக்கு எடுத்துவிட்ட ஒரு கொம்பனியைக் கற்பனை செய்துகொண்டு அளந்தார்கள். ஒட்டுசுட்டான் அண்ணை மாட்டி நிற்பதே அந்த இடத்தில்தான். தரவில் கைவைத்தது வெளிவந்து 2021 இல் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள்.

இலங்கையிலேயே நல்ல சோதனை ஒன்று நடந்திருக்கிறது. கொழும்பு, கண்டிப் பகுதிகளில் பதியாத சிறு தொழில்காரர்களிடம் போய், எப்படிப் பதிவது என்று விளக்கி, பதிவுச் செலவையும் தருகிறோம் என்றார்கள். பதிவு கூடவில்லை. அரை மாத முதல் ஒரு மாத இலாபத்துக்குச் சமமான காசு தருகிறோம் என்றபோது ஐந்தில் ஒரு பங்கினர் பதிந்தார்கள். இரண்டு மாத இலாபம் என்றதும் ஏறக்குறையப் பாதிப் பேர். பதியாதவர்கள் அதிகம் சொன்ன காரணம் காணிப் பத்திரம். கொழும்பு, கண்டியிலேயே அப்படி. குடியேற்றத் திட்டக் காணியும் தொலைந்த பத்திரமுமாக இருக்கிற வன்னியில் யன்னலை ஒன்றாக்கி என்ன செய்ய? அந்த ஒரு யன்னலிலும் "காணி உறுதி எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

ஏ9 கடைக்காரன்:
அப்போ பதிந்து பிரயோசனமில்லை என்று படித்த பிள்ளையும் சொல்லுது!

வவுனியா வளாகம்:
நான் அப்படிச் சொல்லவில்லை. பதிந்தவர்களின் சராசரி இலாபம் பிறகு கூடியிருந்தது. ஆனால் அது வேகமாக வளர்ந்த ஒரு சிலரால் வந்த கூட்டல். மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. சுப்பர்மார்க்கெட் தானாகவே கேட்டு நிற்கிற அண்ணை அந்தச் சிலரில் ஒருவராக இருக்கலாம்.

விசுவமடு அக்கா:
ஆம்பிளைகள் எல்லாரும் பெருவுக்கும் ருவாண்டாவுக்கும் போய் வந்தாயிற்றா? நான் மிளகாய்த்தூள் பக்கற் போடுகிறேன். "பதியாமல் இரு" என்று சொல்வது சுகம். பதியாத தொழிலுக்கு வங்கி முகம் கொடுக்காது. அப்புறம் வாசலுக்கே வருகிற நுண்கடன்காரரிடம்தான் போக வேண்டும். அந்த வட்டிக்கு 2018 இல் 35 வீதம் என்று வரம்பு போட்டார்கள், வரம்பே அவ்வளவு என்றால் யோசியுங்கள். பதிந்த பிறகும் வங்கி காணியைத்தான் கேட்டது, அது வேறு கதை. ஆனால் இடப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. நான் சங்கத்துக் கட்டடத்தில் ஓர் அறையை வாடகை ஒப்பந்தத்தோடு எடுத்தேன். பிரதேச சபை அந்த ஒப்பந்தத்தை ஏற்று லைசன்ஸ் தந்தது. பீ.எச்.ஐ வந்தபோது சுவரோரம் சாக்கை அடுக்காதே, பலகை போட்டு உயர்த்தி வை என்றார். வைத்தேன், அந்த மாரிக்கு ஒரு சாக்குக்கூட ஈரம் பிடிக்கவில்லை.

பழைய கிளாக்கர்:
பிள்ளை சொன்னது நல்ல வழி. ஒட்டுசுட்டான் தம்பி, பெர்மிற் தொலைந்தால் காணி தொலைந்ததாகாது. பிரதேச செயலகக் காணிக் கிளையில் லெட்ஜர் (காணிப் பதிவேடு) இருக்கும். அப்பாவின் பெயர், காணித் துண்டு இலக்கம், வழங்கிய ஆண்டு தெரிந்தால் பக்கத்தைத் தேடச் சொல்லும். அம்மா இருந்தால் உரித்து முதலில் அவவுக்குத்தான், ஆகவே விண்ணப்பத்தை அவவின் பெயரில் போடும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி, பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் பெர்மிற் காணியைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ முடியாது. அது ஏழைக் குடியானவன் கடனுக்குக் காணியை இழக்கக் கூடாது என்று வைத்த காவல்.

வவுனியா வளாகம்:
ஐயா, காவல் சரி. அதே காவல்தானே அவனைக் கடன் வாங்கவும் விடாமல் வைத்திருக்கிறது? போரில் லெட்ஜரே அழிந்த இடங்களுக்கு என்ன பதில்? செயலகம் "இவர் இந்தக் காணியில் இருக்கிறார், பிணக்கு இல்லை" என்று ஒரு கடிதம் தரட்டும். அதை வைத்துச் சபை ஒரு வருட லைசன்ஸ் கொடுக்கட்டும். சுகாதார விதியில் ஒரு வரிகூடத் தளர்த்தத் தேவையில்லை.

பழைய கிளாக்கர்:
அந்தக் கடிதத்தில் ஒப்பம் வைக்கிற அதிகாரிக்கு நாளைக்குச் சகோதரங்கள் வழக்குப் போட்டால் யார் நிற்பது? நீரா?

ஒட்டுசுட்டான் கச்சான்:
அம்மா இருக்கிறா, துண்டு இலக்கம் அவவுக்கு மனப்பாடம். திங்கட்கிழமை லெட்ஜரைப் பார்க்கச் சொல்கிறேன். அக்கா, சங்கத்தில் இன்னும் அறை இருந்தால் வாடகை எவ்வளவு, முற்பணம் கேட்பார்களா என்று தனிமடலில் சொல்லுங்கோ. வறுக்கிற புகைக்குச் சுற்றாடல் லைசன்ஸும் வேண்டும் என்று இன்றைக்கு ஒருவர் வேறு சொல்லிவிட்டுப் போகிறார்.