குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஆள் வருவதில்லை. புதிய செயலாளர் எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாம் குறுக்குத்தெரு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னைப் புறநகரில், 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த ஒரு பகுதியில் வசிக்கிறேன். எங்கள் நகரில் 6 தெருக்களும் 212 வீடுகளும் இருக்கின்றன. ஏறத்தாழ 80 வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். எங்கள் நலச்சங்கத்தின் செயலாளராக 14 ஆண்டுகள் இருந்த பெரியவர், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இனி அலைய முடியாது என்று விலகிக்கொண்டதால், சென்ற மாதப் பேரவைக் கூட்டத்தில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வந்திருந்த 19 பேரில் ஐம்பது வயதைத் தாண்டாதவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

பெரியவர் என்னிடம் ஒரு துணிப்பையை ஒப்படைத்தார். அதில் மூன்று ரசீதுப் புத்தகங்கள், தீர்மானப் பதிவேடு, சங்கத்தின் முத்திரை, வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றோடு 2009ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றும் இருந்தது. ஆறு தெருக்களிலும் உள்ள ஒவ்வொரு மின்கம்பத்தின் எண்ணையும், அது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையும் அதில் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். விளக்கு எரியவில்லை என்று புகார் செய்யும்போது கம்பத்தின் எண்ணைக் கேட்பார்கள் என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. இப்படி ஒன்று இருப்பது இத்தனை ஆண்டுகளில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இனி என் சிக்கலுக்கு வருகிறேன். மாதச் சந்தா 100 ரூபாய். தவறாமல் கொடுப்பவை 74 வீடுகள். வாட்ஸ்அப் குழுவில் 190 பேர் இருக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு மணி நேர மழைக்கே நான்காம் தெருவில் தண்ணீர் தேங்கியபோது, அன்று மாலைக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்து குவிந்தன; 'சங்கம் என்ன செய்கிறது' என்ற கேள்வியை மட்டும் ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வடிகாலைப் பார்வையிடலாம், வாருங்கள் என்று அழைத்தேன். ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் மூவர் எழுபதைக் கடந்தவர்கள்.

சந்தாவைக் கட்டாயமாக்கலாம் என்று சிலரும், எல்லா வேலைக்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிடலாம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை முழு வேகத்தில் தொடங்கும் முன் எதையாவது செய்தாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பழைய பொருளாளர் எழுதியது:

வணக்கம் தம்பி. அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் கணக்கை 11 ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆள் சேர்ப்பதற்கு முன்னால் அந்தத் துணிப்பையை முழுவதுமாகக் கொட்டிப் பாருங்கள். உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவானதாக இருந்தால், செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அதே நபரை மீண்டும் தேர்ந்தெடுப்பதற்குத் தடையில்லை, ஆனால் தேர்ந்தெடுத்ததாகப் பதிவேட்டில் தீர்மானம் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பேரவையைக் கூட்டித் தணிக்கை செய்த கணக்கை அதன்முன் வைத்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறியதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். ஒரே பெரியவர் 14 ஆண்டுகள் சுமந்த சங்கங்களில் இந்தத் தாக்கல்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளாவது விடுபட்டிருக்கும். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவரே கூட்டிப் பெருக்கிக் கணக்கும் எழுதினால் அப்படித்தான் ஆகும்.

சந்தாவைக் கட்டாயமாக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்டும் தண்ணீர் மோட்டாரும் பொதுச் சொத்து என்பதால் பராமரிப்புத் தொகையைக் கேட்க ஓர் அடிப்படை இருக்கிறது. தெருச் சங்கத்தில் சாலையும் வடிகாலும் மாநகராட்சியுடையவை. வீட்டு வரி கட்டுகிறேன், உமக்கு எதற்குத் தனியாக நூறு ரூபாய் என்று ஒருவர் கேட்டால், உங்களிடம் சட்டப்படியான பதில் கிடையாது.

மக்கள் ஏன் ஒரு காலத்தில் கொடுத்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1989இல் எம்.பி.நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கிய பிறகு, தெருவுக்கு ஒரு குழு அமைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம்தோறும் வசூலித்து, மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுக்க ஆள் வைத்தார்கள். கொடுத்த காசுக்கான வேலை தினமும் காலையில் மணியடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. வீடுதோறும் குப்பை எடுப்பதை உள்ளாட்சியே ஏற்றுக்கொண்ட பிறகு அந்த மணி நின்றுபோனது. ரசீதுப் புத்தகம் மட்டும் நிற்கவில்லை. உங்கள் 74 வீட்டார் பழைய வழக்கத்தினால் கொடுப்பவர்கள் என்பது என் ஊகம்.

ஆகவே முதல் மாதம் வசூலுக்குப் போக வேண்டாம். கடந்த ஓராண்டில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, கையிருப்பு எவ்வளவு என்பதை ஒரே தாளில் எழுதி 212 வீடுகளிலும் கொடுங்கள். சந்தா கொடுக்காத வீடுகளுக்கும் கட்டாயம் கொடுங்கள். அவர்களுக்குத்தான் அது தேவை.

ஞாயிறு காலை எழுதியது:

பொருளாளர் ஐயா சொன்னது முழுவதும் சரி, ஆனால் கணக்கைப் பார்த்துப் பணம் வரும், ஆள் வரமாட்டார். எங்கள் தெருக்களிலும் இதே நிலைதான் இருந்தது. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

'வடிகாலைப் பார்வையிட வாருங்கள்' என்று 190 பேரை அழைத்தால், ஒவ்வொருவரும் மற்ற 189 பேர் போவார்கள் என்றுதான் நினைப்பார்கள். நாங்கள் குழுவில் அழைப்பதையே நிறுத்திவிட்டோம். அதற்குப் பதில், எங்கள் இரு தெருக்களிலும் உள்ள வடிகால் மூடிகளுக்கு வெள்ளைப் பெயின்டில் எண் போட்டோம். 43 மூடிகள் இருந்தன. ஒவ்வொரு மூடிக்கும் அதன் எதிரே இருக்கும் வீட்டுக்கு நேரில் போய், 'அக்கா, 17ஆம் எண் உங்கள் வாசலில் இருக்கிறது. மழை பெய்யும்போது தண்ணீர் அதில் இறங்குகிறதா, வெளியே தள்ளுகிறதா என்று மட்டும் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா?' என்று கேட்டோம். கேட்டவர்களில் இருவர் மட்டுமே மறுத்தார்கள். வாசல்படியில் நின்றபடி குடை பிடித்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை என்பதால், கூட்டம் என்றாலே காணாமல் போகிறவர்கள்கூடப் படம் அனுப்பினார்கள்.

இரண்டு மழைகளிலேயே உண்மை தெரிந்துவிட்டது. வடிகால் முழுவதும் அடைத்திருக்கிறது என்று நாங்கள் பல ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருந்தோம். அடைப்போ 21க்கும் 24க்கும் இடையில் மட்டும்தான் இருந்தது. பணியாளர்கள் வந்து மூடியைத் தூக்கியபோது சேறு இருக்கும் என்று எதிர்பார்த்தோம். பாறையைப் போல இறுகிய சிமெண்டுதான் இருந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டியவர்கள் கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீரை அந்த வழியாகத்தான் பல மாதங்கள் விட்டிருக்கிறார்கள். கடப்பாரையால் குத்திக் குத்திப் பெயர்க்க ஒரு முழு நாள் ஆனது. இன்னோர் இடத்தில், கார் ஏற்றுவதற்காக வாசலில் போட்ட சாய்தளம் சாலையோரத் துவாரத்தை முழுவதுமாக மூடியிருந்தது. அந்தச் சாய்தளம் எங்கள் சங்கத் துணைத்தலைவருடையது. அவர் மறுநாளே இடித்தார் என்று எழுத ஆசைதான். மூன்று வாரங்கள் பேச வேண்டியிருந்தது.

ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தில் யாரும் வடிகாலுக்குள் இறங்க வேண்டாம், கூலி கொடுத்து யாரையும் இறக்கவும் வேண்டாம். வடிகாலில் வீட்டுக் கழிவுநீரும் கள்ளத்தனமாகக் கலந்திருக்கும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத்தகாதது.

சிட்லபாக்கம் ஏரியில் 2019 கோடையில் நடந்ததைப் பலரும் அறிவீர்கள். வார இறுதிதோறும் அங்குள்ளவர்கள் கையுறையோடு இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். அந்த ஆண்டே ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. தன்னார்வலர்களால் ஓர் ஏரியை முழுவதுமாகத் தூர்வார முடியாது. ஆனால் எங்கே, எவ்வளவு, எதனால் கெட்டிருக்கிறது என்பதை மறுக்க முடியாதபடி காட்ட முடியும். உங்கள் நான்காம் தெருவிலும் சங்கத்தின் வேலை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் மாடி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஒரே தெருவில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் சங்கத்தின் துணைவிதிப்படி வீட்டு உரிமையாளர்கள் மட்டுமே உறுப்பினராகலாம். உரிமையாளர் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். தண்ணீர் தேங்கினால் முழங்கால்வரை நனைந்து குழந்தையைப் பள்ளிக்குத் தூக்கிச் செல்கிறவள் நான். பொங்கல் விழாவுக்கு நன்கொடை வாங்க எங்கள் மாடிக்கும் ஏறி வருகிறார்கள். பேரவைக் கூட்டத்துக்கான அறிவிப்பு மட்டும் படியேறி வருவதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கீழ்த்தளத்தில் இருந்த முதியவர்களை மேலே ஏற்றி, நான்கு நாட்கள் 22 பேருக்குச் சமைத்தது எங்கள் கட்டடத்தின் வாடகைக் குடும்பங்கள்தாம். அப்போது யாரும் உரிமைப் பத்திரம் கேட்கவில்லை. உங்கள் 212 வீடுகளில் 80 வாடகை வீடுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஆள் வரவில்லை' என்று சொல்வதற்கு முன், அந்த 80 வீடுகளின் கதவை யாராவது தட்டினார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வரி கட்டுபவன் எழுதியது:

எல்லோரும் நல்லெண்ணத்தோடு எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மூடிக்கு எண் போடுவது, படம் எடுப்பது எல்லாம் மாநகராட்சிப் பொறியாளரின் வேலை. நாம் செய்யச் செய்ய அவர்கள் செய்வது குறைந்துகொண்டே போகும். 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறோம். 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் தொடங்கின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமசபையைப் போல நகரத்தாரும் கேள்வி கேட்பதற்காகவே உண்டான ஏற்பாடு அது. உங்கள் பகுதி சபையில் 40 பேர் போய் நின்றால் போதும், துடைப்பத்தைத் தூக்க வேண்டியதில்லை.

ஞாயிறு காலை எழுதியது:

ஐயா, பகுதி சபைக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நாங்களும் போனோம். முதல் முறை 'எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது' என்று சொன்னோம், 'பார்க்கிறோம்' என்றார்கள். இரண்டாம் முறை, 21ஆம் மூடிக்கும் 24ஆம் மூடிக்கும் நடுவே அடைப்பு, இதோ இரண்டு மழைகளில் எடுத்த படங்கள் என்று தாளை நீட்டினோம். பொறியாளர் அங்கேயே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவருடைய வேலையை நாங்கள் செய்துவிடவில்லை. செய்யாமல் தட்டிக்கழிக்கும் வழியை அடைத்தோம்.

பழைய பொருளாளர் எழுதியது:

இரண்டாம் மாடி அம்மாவின் கேள்வி எனக்கும் உறைத்தது. எங்கள் சங்கத்திலும் அந்தக் குறை இருந்தது. துணைவிதியைத் திருத்தினால் வாடகைக்கு இருப்போரையும் உறுப்பினராக்கலாம். அதற்குப் பேரவையில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நாளாகும். ஆனால் பணிக்குழுக்களில் யாரைச் சேர்ப்பது என்பதைச் செயற்குழுவே முடிவு செய்துகொள்ளலாம், அதற்குத் துணைவிதி குறுக்கே நிற்காது.

மூன்றாம் குறுக்குத்தெரு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சகோதரியின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: தட்டவில்லை. பேரவை அழைப்பு உரிமையாளர் பட்டியலைப் பார்த்து அனுப்பப்பட்டது. வாட்ஸ்அப் குழுவிலும் வாடகைக்கு இருப்பவர்கள் ஏழு பேர்தான் என்று இப்போது எண்ணிப் பார்த்தேன்.

நேற்று மாலை பெரியவரைப் பார்க்கப் போனேன். மூடிகளுக்கு எண் போடும் யோசனையைச் சொன்னதும், அந்த நாட்குறிப்பைக் கொண்டுவரச் சொல்லி, கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். நான்காம் தெருவின் வடிகால் மூடிகளை அவர் ஏற்கெனவே படமாக வரைந்து வைத்திருக்கிறார். ஒன்பதாவது மூடிக்குப் பக்கத்தில் 'இங்கே மேடு' என்று பென்சிலில் குறித்திருந்தது. தண்ணீர் தேங்குவது அதே இடத்தில்தான்.

இந்த ஞாயிறு பெயின்ட் டப்பாவோடு நான்காம் தெருவில் மட்டும் தொடங்குகிறோம். கணக்குத் தாள் அச்சுக்குப் போயிருக்கிறது. அதன் பின்பக்கத்தில் மூடிகளின் எண்ணும் எதிர்வீட்டு எண்ணும் இருக்கும், வாடகை வீடுகள் உள்பட. பொருளாளர் ஐயாவிடம் ஒரு விளக்கம் கேட்க வேண்டும்: 2019க்குப் பிந்தைய தாக்கல் ரசீது எதுவும் பையில் இல்லை. விடுபட்ட ஆண்டுகளின் கணக்கைத் தணிக்கையாளரிடம் ஒன்றாகக் கொடுக்கலாமா, ஆண்டு வாரியாகத் தனித்தனியே தயாரிக்க வேண்டுமா?

பழைய பொருளாளர் எழுதியது:

ஆண்டு வாரியாகத்தான், தம்பி. பாஸ்புக்கை வைத்துக்கொண்டு 2019இலிருந்து தொடங்குங்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எறிந்துவிடாதீர்கள்.