குடும்ப குரூப்: கார்த்தி அனுப்பின த்ரீ நாட் த்ரீ

கார்த்தி: பெரியப்பா இருக்கீங்களா? காலேஜ் என்சிசி ஸ்டோர்ல பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி ஒண்ணு தொடைக்க குடுத்தாங்க, ஹவில்தார் சார்கிட்ட கேட்டுட்டுதான் போட்டோ எடுத்தேன், எங்க செஞ்சதுன்னு பாத்து சொல்லுங்களேன்

அத்தை: டேய் குண்டு கிண்டு உள்ள இருக்கப்போகுது, கீழ வைடா

கார்த்தி: இல்ல அத்தை, டிரில்லுக்கு மட்டும்தான். கட்டையில டிபி-னு (டிரில் பர்ப்பஸ்) பெருசா எழுதிருக்கு, ஃபயரிங் பின்னே இல்ல

பெரியப்பா: டிபியா இருந்தாலும் போல்ட்ட இழுத்து தோட்டா உக்கார்ற சேம்பர பாத்துட்டுதான் மத்த வேலை. பாத்தியா?

கார்த்தி: பாத்தேன் பெரியப்பா, காலி

பெரியப்பா: சரி. நீ கட்டைய எடுத்து அனுப்பிருக்க, மரத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுடா, உடஞ்சா டிப்போல வேற மாட்டிருவாங்க. போல்ட் கைப்பிடி இறங்குற இடத்துக்கு கீழ, கட்டை வந்து சேருற இரும்பு கழுத்து இருக்கும்ல, அதுல வலது பக்கம் பாரு. அழுக்கு அடஞ்சிருக்கும், துணில எண்ணெய் தொட்டு ஊற விட்டு தொடை. உப்புத்தாள் மட்டும் போட்ராத, எழுத்தே போயிரும்

கார்த்தி: வந்துருச்சு!! மேல கிரீடம், அதுக்கு கீழ ஜிஆர்ஐ, அப்புறம் இஷாபூர், 1942, எஸ்ஹெச்டி எல்இ, ரோமன்ல மூணு, பக்கத்துல ஒரு ஸ்டார்

பெரியப்பா: நம்மூர் துப்பாக்கிடா அது! பெங்கால்ல ஹூக்ளி ஆத்தங்கரைல இருக்கு இஷாபூர் ஃபேக்டரி. ஜிஆர்ஐ-னா ஜார்ஜ் ரெக்ஸ் இம்பரேட்டர், ராஜாவும் சக்கரவர்த்தியும்னு அர்த்தம், 1942-ல ஆறாம் ஜார்ஜ். எஸ்ஹெச்டி எல்இ-னா ஷார்ட் லீ என்ஃபீல்டு, துப்பாக்கியோட பேரு, மூணுங்கறது மாடல் நம்பர். சுதந்திரத்துக்கு அப்புறம் கிரீடத்த எடுத்துட்டு அசோக சிங்கமும் ஆர்எஃப்ஐ-யும் (ரைஃபிள் ஃபேக்டரி இஷாபூர்) அடிச்சாங்க. என்ஃபீல்டுனு இருந்தா இங்கிலாந்து அரசாங்க ஃபேக்டரி, பிஎஸ்ஏ கோ-னு இருந்தா பர்மிங்காம்ல இருந்த தனியார் கம்பெனி

செல்வி அக்கா: ஸ்டார் எதுக்கு பெரியப்பா, நல்ல ரகம்னா?

பெரியப்பா: இல்லம்மா. முன்ன குண்டு அடுக்குற மேகசின் மேல ஒரு தகடு உண்டு, அத உள்ள தள்ளிட்டா மேகசின்ல இருக்குற 10 குண்டும் அப்படியே கையிருப்பா நிக்கும், ஒவ்வொண்ணா கையால போட்டு சுடுவாங்க. முதல் உலகப்போர்ல லட்சக்கணக்குல வேணும்னதும் இந்த தகடு, தூரத்துக்கு குறி பாக்குற சைட்டு எல்லாத்தையும் விட்டுட்டு சீக்கிரமா செய்ய ஆரம்பிச்சாங்க, அந்த மாடலுக்குதான் ஸ்டார்

கார்த்தி: போல்ட் கைப்பிடிக்கு பின்னால ஒரு நம்பர் இருக்கு, ஆனா பேரல் பக்கத்துல இருக்குறது வேற நம்பர்

பெரியப்பா: போல்ட் மாறிருக்கு. ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த துப்பாக்கிக்குனு அளவு பாத்துதான் சேப்பாங்க, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல இடைவெளி கூடுனா தோட்டாவோட பித்தள பின்னால கிழிஞ்சு சுடுறவன் மூஞ்சிக்கு வந்துரும். துப்பாக்கி ரிப்பேர் பாக்குற ஆர்மரரா இருந்தப்ப எனக்கு முதல் வேலையே ரெண்டு நம்பரும் ஒண்ணானு பாக்குறதுதான். டிரில்லுக்குங்கறதால உன்னோடதுல தப்பில்ல

அத்தை: அண்ணா இவன் கைய கழுவிட்டு சாப்பிட சொல்லுங்க

கார்த்தி: ஒரு நிமிஷம் அத்தை. பெரியப்பா, ரேக்ல அடுத்ததையும் தொடச்சேன், அதே இடத்துல லித்கோ 1918-னு இருக்கு!

பெரியப்பா: ஆஸ்திரேலியாடா அது!! ஸ்டார் இருக்கா பாரு, வெளிச்சத்துல வச்சு கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கண்ணாடி போட்டுட்டு வர்றேன்