சப்வூஃபரை இன்னும் ஏற்றச் சொல்கிறது போன், காது வேண்டாம் என்கிறது

காட்பாடிக்காரன்:
காந்தி நகர் வீட்டு ஹாலில் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், அடி சத்தத்துக்கு மட்டும் ஒரு சப்வூஃபர்) போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பக்கவாட்டு ஸ்பீக்கரில் இடது சரவுண்ட் சோபாவிலிருந்து மூன்றடி, வலது ஏழடி. இடையில் அம்மாவின் தையல் மெஷின்; அதை நகர்த்தும் அதிகாரம் எனக்கில்லை. ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து, அளவுகளை அதுவே சரிசெய்யும் ஆட்டோ செட்டிங் ஓட்டியாயிற்று. ஆனாலும் பேச்சு கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றினால், அடுத்த சண்டைக் காட்சியில் ஷோகேஸ் கண்ணாடி அதிர்கிறது. ரிசீவர் போடும் சோதனைச் சத்தத்தை (டெஸ்ட் டோன்) போன் ஆப்பில் அளந்தேன்: ஐந்து ஸ்பீக்கரும் 75 டெசிபல், சப்வூஃபர் மட்டும் 58. அப்போ சப்வூஃபரை ஏற்றணுமா? ஒரு விஷயம், அளந்தபோது ஃபேன் ஓடியது. வேலூர் மே மாதம், வேறு வழி?

சத்துவாச்சாரி:
ஏற்றாதீர்கள்! ஆப் பெரும்பாலும் ஏ வெயிட்டிங்கில் இருக்கும், அதாவது அடி சத்தத்தைக் குறைத்து எண்ணும் அளவுமுறை. 50 ஹெர்ட்ஸ் அடி சத்தத்தில் அது 30 டெசிபல் குறைத்துக் காட்டும். போதாததற்கு போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அடி சத்தம் அதற்குச் சரியாக எட்டாது. யாரிடமாவது சத்தம் அளக்கும் எஸ்பிஎல் மீட்டர் கடன் வாங்கி, அடி சத்தத்தை அவ்வளவு குறைக்காத சி வெயிட்டிங், முள் நிதானமாக நகரும் ஸ்லோ வைத்து அளங்கள். மீட்டரைக் கையில் பிடிக்காமல் கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். வலது சரவுண்டுக்கு ரிசீவர் சத்தம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம், தூரத்துக்கு அது சரிதான். ஃபேன் சத்தம் 75க்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் காற்று நேராக மைக்கில் அடித்தால் அதுவே அடி சத்தம் மாதிரி பதிவாகும். ஆட்டோ செட்டிங்கையும் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ராணிப்பேட்டை:
பேச்சு பெரும்பாலும் வரும் சென்டர் ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் ஒளிந்திருக்கிறதா? விளிம்புவரை இழுத்து, முகத்தைப் பார்க்கும்படி கொஞ்சம் நிமிர்த்துங்கள். சப்வூஃபர் மூலையில் இருந்தால் ஒன்றரை அடி வெளியே எடுங்கள். சின்ன ஸ்பீக்கர்தானே, கிராஸ்ஓவர் (எதற்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ் போதும்.

காட்பாடிக்காரன்:
இரண்டு பேர் சொன்னதும் சரி. சென்டர் உள்தட்டில்தான் இருந்தது, சப்வூஃபரும் மூலையில்தான். எல்லாவற்றையும் நகர்த்தி, மீட்டர் வாங்கி, ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபேனை நிறுத்தி உட்கார்ந்தேன். ஜங்ஷன் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் முள் துள்ள, அது கடக்கும்வரை வியர்வையில் காத்திருந்தேன். சப்வூஃபர் 82 காட்டியது! ஏழு குறைத்தேன். சென்டரை மட்டும் மற்றதைவிட இரண்டு கூட்டி வைத்திருக்கிறேன், தப்பா?

சத்துவாச்சாரி:
தப்பே இல்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்கு அந்த இரண்டு வேண்டும்.