பலோமா கலக்கிப் பார்த்தவர்கள் உண்டா?

குவாதலஹாரா ரிட்டர்ன்:

வேலைக்காக மெக்சிகோவில், குவாதலஹாராவில் இரண்டு வருடம் இருந்தேன். போகும்போது டெகீலா என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உப்பை நக்கு, ஒரே மடக்கில் விழுங்கு, எலுமிச்சையைக் கடி, முகத்தைச் சுளி. அங்கே என் ஆபீஸ்காரர்கள் யாரும் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. வெயில் நேரத்தில் அவர்கள் கேட்பது பலோமா. உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், அதில் டெகீலா, எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு, மேலே கிரேப்ஃப்ரூட் சோடா (கிரேப்ஃப்ரூட் என்பது திராட்சை இல்லை, ஆரஞ்சு ஜாதியில் பெரிதாக, கசப்பாக இருக்கும் பழம்). பலோமா என்றால் புறா. ஏன் புறா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டரில் டெகீலா என்ற ஊரே இருக்கிறது. வழியெல்லாம் நீலம் படர்ந்த கற்றாழைத் தோட்டம். நம் பக்கம் வேலியோரம் நிற்குமே ஆனைக்கற்றாழை, அதற்குச் சொந்தம். ஆறேழு வருடம் வளரவிட்டு, மடல்களைச் சீவித் தள்ளி, நடுவில் இருக்கும் பெரிய குருத்தை வேகவைத்து, சாறு எடுத்துப் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்ட பாடம்: லேபிளில் ‘100% கற்றாழை’ என்று ஸ்பானிஷில் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சர்க்கரையில் 51 சதவீதம் கற்றாழையிலிருந்து வந்தாலே போதும், மீதி வேறு சர்க்கரை. மறுநாள் தலைவலியை நான் அந்த மீதியின் கணக்கில்தான் எழுதுவேன். அறிவியல் என்ன சொன்னாலும் சரி.

இப்போது டெக்சஸில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் சிவப்பு கிரேப்ஃப்ரூட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பழமே இருக்கும்போது சோடா எதற்கு என்று தோன்றியது. கொஞ்சம் கசப்பு தூக்கலாக இருக்கட்டும் என்று இத்தாலிக்காரர்களின் சிவப்புக் கசப்பு மதுவான காம்பாரியும் ஒரு புட்டி வாங்கினேன்.

முதல் தடவை நாசம். தோலை மட்டும் உரித்துவிட்டுச் சுளைகளை அப்படியே மிக்ஸியில் போட்டு அடித்துவிட்டேன். இந்தப் பழத்தின் கசப்பு முக்கால்வாசி அந்த வெள்ளைச் சதையிலும் சுளைத்தோலிலும்தான் இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, “பூச்சிமருந்தா?” என்றாள். நான் சர்க்கரைப் பாகை ஊற்றினேன். இருமல் சிரப் ஆயிற்று.

அடுத்த வாரம் பழத்தைக் குறுக்காக வெட்டி, கையால் மெதுவாகப் பிழிந்து வடிகட்டினேன். டெகீலா பிளாங்கோ (நிறமில்லாத ரகம்) 45 மில்லி, காம்பாரி 15, கிரேப்ஃப்ரூட் சாறு 60, எலுமிச்சை 15, பாகு 10. ஐஸோடு குலுக்கி, கிளாஸில் ஊற்றி, மேலே கொஞ்சம் சோடா. நன்றாக இருந்தது, ஆனாலும் ஏதோ உறுத்தல். குவாதலஹாராவின் அந்தச் சிட்டிகை உப்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு விரலால் கிள்ளிப் போட்டேன். கசப்பு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது, பழத்தின் வாசம் முன்னால் வந்தது. பாகு செய்ய முடியாததை உப்பு செய்தது. கிளாஸ் விளிம்பில் தடவுவது போட்டோவுக்கு அழகு, அவ்வளவுதான். உப்பு உள்ளே போக வேண்டும்.

நீங்கள் எப்படிச் செய்தீர்கள், எழுதுங்கள்.

மிசிசாகா மாப்பிள்ளை:

எனக்கு 15 மில்லி காம்பாரியே அதிகம், பத்தோடு நிறுத்திவிடுவேன். இங்கே ஒரு விருந்தில் நடந்த கதை. சைவ நண்பர் ஒருவருக்கு இதைக் கலக்கிக் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு இன்னொருவர், “காம்பாரியின் சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுப்பது” என்று கொளுத்திப் போட்டார். சைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். உண்மைதான், ஆனால் பழைய உண்மை. சப்பாத்திக்கள்ளியில் வளரும் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சாயம் அது. 2006 வாக்கில் பெரும்பாலான நாடுகளில் அதை விட்டுவிட்டார்கள். ஆனாலும் லேபிளைப் பார்த்துவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சாயத்தின் பூர்வீகமும் மெக்சிகோதான்.

மருந்துக்கடை அக்கா:

கொண்டாட்டத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அமெரிக்காவில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். போன வருடம் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கால் சதையெல்லாம் வலி என்றார். கொழுப்புக்கு சிம்வாஸ்டாடின் போடுகிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், மருமகன் தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் பிழிந்து கொடுக்கிறாராம், உடம்புக்கு நல்லதென்று. அன்றே டாக்டரிடம் அனுப்பினேன்.

நம் குடல் சுவரில் பல மருந்துகளை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. இந்தப் பழத்தில் இருக்கும் சில பொருட்கள் அதை முடக்கிவிடும். உடைய வேண்டிய மாத்திரை உடையாமல் ரத்தத்தில் ஏறும். ஒரு மாத்திரை பல மாத்திரை ஆன மாதிரி. காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது. புது நொதி உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

இது தெரியவந்ததே குடி சமாச்சாரத்தில்தான். கனடாவில் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட எங்கேயோ ஏறியிருந்தது. காரணம் மது இல்லை, ஜூஸ். 1989இல் அது வெளியானது.

எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. கொழுப்பு மாத்திரைகளிலேயே ரோசுவாஸ்டாடினுக்குப் பிரச்சினை இல்லை. சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

அடையாறு:

இங்கே கிரேப்ஃப்ரூட் விற்கிற விலைக்கு வாயைக் கட்டிக்கொள்ளலாம். பம்பளிமாஸ் வைத்துச் செய்தேன். கசப்பு கம்மி, சாறும் கம்மி, ஆனால் நல்ல வாசனை. காம்பாரி இருந்தால் போதும், கசப்புக்குப் பஞ்சமில்லை. அக்கா, பம்பளிமாஸும் அப்படித்தானா?

மருந்துக்கடை அக்கா:

அதுவும் அப்படித்தான் தம்பி. பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்ததுதானே கிரேப்ஃப்ரூட். அம்மா வீட்டுக் குணம். சாதாரண ஆரஞ்சில் இந்தத் தொல்லை இல்லை.

குவாதலஹாரா ரிட்டர்ன்:

நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. அடுத்த மாதம் மாமனார் வருகிறார். இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன், அட்டோர்வாஸ்டாடின்தான் போடுகிறாராம். எதற்குக் கேட்கிறாய் மாப்பிள்ளை என்றார். சும்மாதான் மாமா என்றேன்.

குவாதலஹாரா இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்தில் மண்குவளையில் ஆரஞ்சு, எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட் மூன்றையும் பிழிந்து டெகீலாவோடு ‘காந்தாரிதோ’ என்று கொடுப்பார்கள். அதில் கிரேப்ஃப்ரூட்டை எடுத்துவிட்டு அவருக்குக் கொடுக்கலாமா?

மருந்துக்கடை அக்கா:

முதலில் டெகீலாவுக்கு டாக்டரிடம் அனுமதி வாங்குங்கள். பழத்தை அப்புறம் பார்ப்போம்.