மறு: ‘வெதர் ரெசிஸ்டன்ட் டிராக்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

> தோட்டத்தில் ஓடும் மாதிரி ரயிலுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். ‘வெதர் ரெசிஸ்டன்ட் டிராக்’ என்பதற்கு ‘வானிலை எதிர்ப்புத் தண்டவாளம்’ என்று போடலாமா?

போடலாம், ஆனால் படிக்கிறவர் சிரித்துவிடுவார். வானிலையைக் கண்டித்துக் கொடி பிடிக்கும் தண்டவாளம் போல இருக்கிறது. இன்னொருவர் சொன்ன ‘வானிலைத் தடுப்பு’ம் சரிவராது. மழையைத் தடுப்பது கூரையின் வேலை. ‘வானிலைத்தடை’ என்றால் வேறொரு சிக்கல்: இந்த ரயில்களில் பல தண்டவாளம் வழியாகத்தான் மின்சாரம் எடுக்கின்றன. அதே பக்கத்தில் ‘மின்தடை’ (கரண்ட் கட் அல்ல, மின்னோட்டத்துக்கு உலோகம் காட்டும் தடை) பத்து முறை வரும். ஒரு ‘தடை’ இருந்தால் நல்லது, இன்னொரு ‘தடை’ இருந்தால் கெட்டது என்று வாசகரைக் குழப்ப வேண்டாம்.

சொல்லை விடுங்கள், முதலில் வெளியில் கிடக்கும் பாதைக்கு என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். போட்டு, பிடுங்கி, மறுபடி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தோட்ட ரயிலில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அதிகம் புழங்குவது 45 மி.மீ. இடைவெளி. 1968-இல் எல்ஜிபி என்ற ஜெர்மன் மாதிரி ரயில் அந்த இடைவெளியில் பித்தளைத் தண்டவாளத்தோடு வந்தது. இன்றும் பலர் பித்தளைதான் போடுகிறார்கள். பித்தளை மழையில் நனைந்தால் பழுப்பேறும், சில இடங்களில் பச்சை பூக்கும், ஆனால் இரும்பு போல உதிராது. பொருள் பிழைத்துக்கொள்ளும். ரயில்தான் நிற்கும், ஏனென்றால் மேலே படியும் படலம் மின்சாரத்தை ஒழுங்காக விடாது. ஓட்டுவதற்கு முன் தேய்த்துத் துடைக்க வேண்டும். நிக்கல் சில்வரில் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம்) படலம் மெதுவாகப் படியும், துடைக்கும் வேலை குறைவு. துருப்பிடிக்காத எஃகில் அந்த வேலை இன்னும் குறைவு. ஆனால் அதன் மின்தடை பித்தளையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு, அதனால் பல இடங்களில் மின்கம்பி இணைத்துக் கொடுக்க வேண்டும். வளைப்பதும் பற்றவைப்பதும் கையை ஒடிக்கும். அலுமினியம் மலிவு, லேசு. அதன் மேல் உருவாகும் படலமோ மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியிலோ நிஜ நீராவியிலோ ஓடும் எஞ்சினுக்குத்தான் அது லாயக்கு.

இதுவரை சொன்னது மழை. வெயில் வேறு இரண்டு வேலை செய்கிறது. பத்து மீட்டர் நீளப் பித்தளை, வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏழரை மி.மீ. நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டால் மதியத்தில் பாதை பாம்பாக நெளியும். இரண்டாவது வேலையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: பித்தளைக்கு ஒன்றுமே ஆகவில்லை, அடியில் குறுக்கே இருந்த பிளாஸ்டிக் கட்டைகள் அப்பளம் போல நொறுங்கின. வீட்டுக்குள் போடுவதற்கான பாதையின் கட்டைகள் அவை. புற ஊதாக் கதிர் தாங்கும்படி சேர்மானம் கலந்த கட்டைகள்தான் வெளியில் நிலைக்கும். கரித்தூள் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது.

நான் எழுதும்போதே கவனித்தேன், ‘தாங்கும்’, ‘தாக்குப்பிடிக்கும்’ என்றுதான் கை தானாக எழுதுகிறது. எதிர்ப்பு எங்கேயும் வரவில்லை. தமிழில் இடிதாங்கி, சுமைதாங்கி எல்லாம் இருக்கிறது. ஆனால் ‘தாங்கி’ என்று பெயராக்கினால் தாங்குவதே அதன் தொழில் என்றாகிவிடும். இங்கே தொழில் ரயிலைச் சுமப்பது, தாங்குவது கூடுதல் குணம். ஆகவே ‘தாங்கு’ என்று அடையாகவே இருக்கட்டும்.

‘வானிலை’ என்றதும் எனக்குச் செய்தி வாசிப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். ‘வெயில் மழை பாராமல் உழைத்தான்’ என்கிறோமே, அந்த ‘வெயில்மழை’ போதும்.

அடுத்து ‘டிராக்’. தண்டவாளம் என்றால் அந்த உலோகக் கம்பி மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. மேலே பார்த்தபடி கம்பிக்கும் கட்டைக்கும் வரும் வியாதி வேறு வேறு. மொத்தத்துக்கு ‘இருப்புப்பாதை’ என்றால் ‘பித்தளை இருப்புப்பாதை’ என்று எழுத நேரும், அதாவது பித்தளையால் செய்த இரும்புப் பாதை! இந்த மடலில் நானே ‘பாதை’ என்றுதான் எழுதிவந்தேன், ஆனால் கையேட்டில் ‘தோட்டப் பாதை’ என்று போட்டால் ஆள் நடக்கும் வழியாகிவிடும். ரயில் கவிழ்ந்தால் எந்தப் பத்திரிகையும் ‘தடம் புரண்டது’ என்றுதானே எழுதுகிறது? தடம் இருக்கவே இருக்கிறது.

என் பரிந்துரை: வெயில்மழை தாங்கு தடம். வினைத்தொகை, அதனால் நடுவில் ‘த்’ போடாதீர்கள். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘தாங்கும் தடம்’ என்று விரித்து எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாதிரி ரயில்காரர்கள் ‘வெதரிங்’ என்பது முற்றிலும் வேறு, புதுப் பெட்டிக்கு அழுக்கும் துருவும் தீட்டிப் பழசாகக் காட்டும் கலை. அதற்கு ‘பழமை பூசுதல்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

—

> ‘வெயில்மழை தாங்கு தடம்’

காதுக்கு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் நான் இருப்பது குளிர் நாட்டில். இங்கே தடத்தைக் கெடுப்பது உறைபனி. ஜல்லிக்கு அடியில் தேங்கிய நீர் உறைந்து உப்பி, தடத்தையே மேலே தூக்கிவிடுகிறது. அது உங்கள் சொல்லுக்குள் வரவில்லையே?

—

நியாயமான கேள்வி. ஆனால் ‘வெயில் மழை பாராமல் உழைத்தான்’ என்றால் குளிரில் மட்டும் லீவு போட்டான் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை; இரவுபகல் மாதிரி, இரண்டைச் சொல்லி எல்லாவற்றையும் அடக்குகிறோம். தவிர, நீங்கள் சொல்லும் கோளாறு தடத்தின் தரத்தால் வருவதே இல்லை, அடித்தளத்தில் நீர் வடியாததால் வருவது. எவ்வளவு நல்ல தடம் வாங்கினாலும் தூக்கத்தான் செய்யும். உருண்டைக் கூழாங்கல்லை எடுத்துவிட்டு, உடைத்த ஜல்லியைக் கனமாகப் போட்டு, நீர் போக வழி விட்டுப் பாருங்கள். கையேட்டில் அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். அங்கே ‘வடிகால்’ என்ற பழைய சொல்லே போதும்.